அந்த ஐந்தரை மணி நேரம்

மஞ்சள் துணிப்பை ஒன்று. ஏதோ கல்யாணத்தில் தேங்காய் வெற்றிலை போட்டுக் கொடுத்தது. மாப்பிள்ளை பெண் பெயரெல்லாம் துவைத்துத் துவைத்து மங்கிப்போயிருக்கும். அடையாறில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் கூடும்போது அவர் அந்தப் பையைத் தலைகீழாகப் பிடித்து மேஜைமேல் கொட்டுவார். முப்பது நாற்பது சி.டி.கள் சரிந்து விழும். ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவால் எழுதியிருக்கும். "எடுத்துண்டு போங்கோ. போட்டுப் பாருங்கோ. காப்பி போட்டு நாலு பேருக்குக் குடுங்கோ. எங்கிட்ட மட்டும் திருப்பித் தராதீங்கோ, ஆத்துல வைக்க இடமில்லை" என்பார். அந்தக் காலத்தில் வீட்டில் நெட் இருந்தவர்கள் குறைவு. இருந்தாலும் ஒரு பெரிய ப்ரோக்ராமை இறக்க இரண்டு நாள் ஆகும். அதனால் பை வழியாகவே எல்லாம் ஊர் சுற்றியது.

பிள்ளைகளே, அவர் இப்போது இல்லை. போன வருஷம் தவறிப்போனார். கூட்டத்தில் எல்லோரும் அவரை மெயின்டெய்னர் என்றுதான் சொல்வோம். நானும் அப்படியே சொல்கிறேன். அபிராமபுரத்துக்காரர், ஆபீஸ் உத்தியோகம், என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். நான் பத்தாவதோடு படிப்பை விட்டவன். மயிலாப்பூரில் ஒரு சந்தில் செல்போன், கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பிறந்தது கடலோரக் குப்பத்தில். ஆனால் படகில் ஏறினால் எனக்குத் தலை சுற்றும். "மீன்காரன் வீட்ல பூனையாட்டம் பொறந்துட்டான், கரையிலயே குந்திக்கினு கீறான்" என்று மச்சான் கிண்டல் செய்வார். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன், உங்களில் இரண்டு பேருக்குத் தாய்மாமன்.

அந்தக் கூட்டத்துக்கு நான் போனது கொள்கைக்காக இல்லை. கடைக்கு வரும் பழைய கம்ப்யூட்டர்களில் புதிய விண்டோஸ் ஓடாது, ஆனால் அந்தப் பையில் இருந்தது ஓடும் என்று ஒருவர் சொன்னார், போனேன். போன இடத்தில்தான் விஷயமே புரிந்தது. ஒரு ப்ரோக்ராமை எழுதியவர் அதன் உள்ளே இருக்கிற எழுத்தையும் சேர்த்து எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறார். யாரும் படிக்கலாம், தப்பு இருந்தால் திருத்தலாம், திருத்தியதை மற்றவர்களுக்கும் கொடுக்கலாம். எங்கோ முகம் தெரியாத ஊரில் ஒருவர் திருத்தியது என் கடை மேஜையில் ஓடும். ஹேக்கர் என்றால் உங்களுக்கு டிவியில் வருகிற திருடன் நினைவுக்கு வருவான். அந்த மாடியில் அது பாராட்டு. ஒன்றைப் பிரித்துப் பார்க்காமல் தூக்கம் வராதவன் என்று அர்த்தம். அப்படிப் பார்த்தால் நானும் சின்ன வயதிலிருந்தே அந்த ஜாதிதான், யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம் என்றால் குப்பையும் வருமே? அதற்குத்தான் மெயின்டெய்னர். வருகிற திருத்தத்தைப் படித்து, சேர்ப்பதா வேண்டாமா என்று சொல்பவர். இவர் படிப்பதில் எமன். நேரில் பார்த்தால் பூ மாதிரி பேசுவார், டீ வாங்கிக் கொடுப்பார். ஈமெயிலில் வேறு ஆள். நான் முதல்முதலாக அனுப்பிய திருத்தத்துக்கு வந்த பதிலைக் கடையில் உட்கார்ந்து படித்துவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். கஸ்டமர் முகத்தில் விழிக்கவே கூச்சமாக இருந்தது. அதைத் திட்டு என்று அவர் நினைக்கவில்லை. எல்லா ஊர் கூட்டங்களிலும் அப்போது அதுதான் பழக்கம். தாங்குகிறவன் தங்குவான் என்று பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்கள். சைதாப்பேட்டையிலிருந்து ஒரு காலேஜ் பெண் வந்துகொண்டிருந்தாள். தமிழ் எழுத்து வரி முடிவில் உடைவதைச் சரிசெய்து அனுப்பினாள். நல்ல வேலை. ஓரத்தில் ஒரு சின்னக் குறை. "என் மெஷின்ல சரியா ஓடுது சார்" என்று எழுதிவிட்டாள். அவருக்கு அந்த வார்த்தை ஆகாது. "உன் மெஷினை ஊர் முழுக்க அனுப்பி வைக்கப் போறியா?" என்று தொடங்கி இருநூறு பேர் படிக்கிற இடத்தில் எழுதினார். அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. பிறகும் வரவில்லை. அவர் பல வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்டு எழுதியதாகச் சொன்னார். பதில் வந்ததா என்று நான் கேட்கவில்லை.

நான் மட்டும் ஏன் தங்கினேன் என்றால், எனக்கு ஒரு வேலை ஆகவேண்டியிருந்தது. கடலில் காற்று எப்போது எழும், எப்போது அடங்கும் என்ற கணிப்பு நெட்டில் எல்லோருக்கும் கிடைக்கும்படி இருந்தது. ஆனால் இங்கிலீஷில், எண்ணும் படமுமாக. அதை எடுத்துத் தமிழில் இரண்டு வரியாக்கி ஒவ்வொரு சாயங்காலமும் குப்பத்தில் உள்ள செல்போன்களுக்கு அனுப்ப வேண்டும். இதை நான் அரைகுறையாக எழுதிக்கொண்டு போனேன். அவர் திட்டிக்கொண்டே முழுசாக்கினார். குப்பத்தில் அதற்குக் 'காத்துச் சேதி' என்று பேர். என் கடை மேஜைக்கடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் அதற்காகவே ஓடியது. நாளடைவில் நம்ம குப்பம் மட்டுமில்லாமல் பக்கத்துக் குப்பங்களும் கேட்டு வாங்கின. மச்சான் பெருமையாக எல்லோரிடமும் சொல்வார், "நம்ம மாப்ள பண்ணது. கடலு ஆவாதவன் கடலுக்கே ஜோசியம் சொல்றான் பாரு."

அந்த ப்ரோக்ராமின் முகப்பில் மெயின்டெய்னரே ஒரு விதி எழுதி வைத்திருந்தார். தான் செய்த மாற்றத்தைத் தானே சேர்க்கக்கூடாது, இன்னொருவர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் சேர்க்க வேண்டும். சேர்ப்பதற்கான சாவி, அதாவது பாஸ்வேர்டு, அவரிடம் இருந்தாலும் அந்த விதி அவருக்கும் உண்டு.

இப்போது கவனமாகக் கேளுங்கள், கஷ்டமில்லை. உலகத்துக்கெல்லாம் பொதுவாக ஒரு கடிகாரம் இருக்கிறது. காற்றுக் கணிப்பு அந்தக் கடிகாரப்படிதான் வரும். நம் ஊர் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அதனால் ஐந்தரையைக் கூட்டுகிற ஒரு வரியை நான் எழுதி வைத்திருந்தேன். ஒருநாள் மெயின்டெய்னர் தன் வீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது அந்த வரி அநாவசியம் என்று பட்டிருக்கிறது. நாங்கள் பயன்படுத்திய இன்னொரு ப்ரோக்ராமின் புது வடிவம் ஐந்தரையைத் தானே கூட்டிவிடும். அவர் கம்ப்யூட்டரில் புது வடிவம். என் கடையில் ஓடியது பழைய வடிவம். அவர் வரியை எடுத்தார், ஓட்டிப் பார்த்தார், நேரம் சரியாக வந்தது. ஒரே ஒரு வரி. யாரையும் கேட்காமல் சேர்த்துவிட்டார். சேர்த்தது என் கடைக் கம்ப்யூட்டருக்கும் தானாகவே வந்துவிடும். மாற்றங்களைக் குறிக்கும் பதிவேட்டில் 'சின்ன மாற்றம்' என்று எழுதியிருந்தார்.

அன்று சாயங்காலம் போன சேதியில், இரவு ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு வரை பலத்த காற்று, பிறகு அடங்கும் என்று இருந்தது. உண்மையில் காற்று வரவேண்டியது விடியற்காலை இரண்டரைக்கு. ஒன்பது மணிக்குக் கடல் சும்மா இருந்தது. "மெசினு சொன்ன காத்து வரவே இல்ல, வேற பக்கம் போயிடுச்சு போல" என்று மச்சான் தன் வீட்டில் சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு பேரோடு வழக்கப்படி படகைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். காற்று அவர்களை நடுக்கடலில் பிடித்தது. வலையை அறுத்து விட்டுவிட்டு, எஞ்சினும் நின்றுபோய், காலை பத்து மணிக்கு இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. மூன்று பேரும் பிழைத்தார்கள். மச்சானுக்கு வலது உள்ளங்கை கயிற்றில் கிழிந்து எலும்பு தெரிந்தது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மச்சான் மனைவி என்னிடம் பேசவில்லை. என் மனைவியும் அன்று என்னிடம் பேசவில்லை. மச்சான் மட்டும் கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடி, "உன் சேதி பொய் சொல்லிச்சு மாப்ள" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. கடைக்கு வந்து பதிவேட்டைத் திறந்தேன். யார், எந்த நாள், எந்த வரியை மாற்றினார் என்று எல்லாம் அதில் அழியாமல் இருக்கும். பார்த்தேன். போன் போட்டேன்.

"சார், அந்த அஞ்சரை மணி வரி எங்க சார்?"

"எடுத்துட்டேனே. ஏன்?"

சொன்னேன். "எல்லாரும் வந்துட்டாளா?" என்று முதலில் கேட்டார். வந்துவிட்டார்கள் என்றேன். "என் மெஷின்ல சரியா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

அந்த வரியை அரை நிமிஷத்தில் திருப்பிப் போட்டுவிட்டோம். குப்பத்தில் யாருக்கும் பதிவேடு பார்க்கத் தெரியாது. இயந்திரக் கோளாறு என்று சொல்லிவிட்டால் முடிந்தது, எங்கள் கூட்டத்திலேயே ஒருவர் அப்படித்தான் சொன்னார். எனக்கும் ஒரு நிமிஷம் ஆசை வந்தது, மறைக்கவில்லை. ஆனால் இயந்திரக் கோளாறு என்றால் அந்த இயந்திரம் என் மேஜைக்கடியில்தானே இருக்கிறது. அவர் மேல் கையைக் காட்டினாலோ, படித்த மனுஷன் மேல் பழி போடுகிறான் என்பார்கள். எதுவும் செய்யாமல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது நாள் அவரே வந்தார். இஸ்திரி போட்ட சட்டையும் பேன்ட்டுமாக, செருப்பில் மணல் ஏற ஏற, வலை பின்னுகிற கொட்டகைக்கு நடந்து வந்தார். கையில் ஒரு தாள். பத்துப் பன்னிரண்டு பேர் வலையோடு உட்கார்ந்திருந்தார்கள். மச்சானும் கட்டுக் கையோடு இருந்தார். இவர் யாரென்று நான் சொல்வதற்குள் தாளை விரித்துப் படிக்க ஆரம்பித்துவிட்டார். எந்த நாள் எந்த வரியை எடுத்தேன், ஏன் எடுத்தேன், யாரிடம் காட்டியிருக்க வேண்டும், காட்டவில்லை. கடைசியில், "சேதி தவறியதற்குக் காரணம் நான். கடை வைத்திருப்பவர் இல்லை" என்று இருந்தது. இது எங்கள் கூட்டத்து வழக்கம். பெரிய தப்பு நடந்தால் நடந்ததை மறைக்காமல் எழுதி எல்லோர் பார்வைக்கும் வைப்பது. ஆனால் அதை நெட்டில் வைப்பார்கள். பாதிக்கப்பட்டவன் முன்னால் நின்று படித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

முதலில் பேசியது மச்சான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிதான். "இன்னா சார், பேப்பர்ல எழுதிக்கினு வந்தா போன வலை திரும்பி வந்துடுமா?"

"வராதும்மா."

"உனுக்கு மேல பாக்க ஆளே இல்லியா?"

"இருக்கா. நான் அவாளைக் கேக்கலை."

"ஏன் கேக்கல?"

அவர் தாளை மடித்தார். "ஒரு வரிதானேன்னு நெனச்சுட்டேன்."

மச்சான் அப்போதுதான் வாயைத் திறந்தார். "சார், போட்ல ஒருத்தன் கயிறு கட்னா இன்னொருத்தன் இழுத்துப் பாப்பான். கட்னவனே இழுத்துப் பாத்தா அது செல்லாது. எங்கப்பன் கட்னாலும் நான் இழுப்பேன், அவரு ஒண்ணும் கோச்சுக்க மாட்டாரு."

"எங்களுக்கும் அதே சட்டம்தான் இருக்கு. நான்தான் எழுதினேன்" என்றார் மெயின்டெய்னர்.

கொட்டகையில் யாரோ சிரித்துவிட்டார்கள். "எழுதினவரே ஓட்டை போட்டாரா? நல்லாக் கீது நைனா" என்று ஒரு குரல். அவரும் லேசாகச் சிரித்தார். முகம் மட்டும் சிவந்திருந்தது.

"இனிமே எத மாத்துனாலும் எங்கிட்ட காட்டு" என்றார் மச்சான்.

"நீங்க ப்ரோக்ராம் படிப்பேளா?"

"அது எனுக்கு எதுக்கு? மாத்துனதை ஒருநாள் தனியா ஓட்டு. அது சொன்ன சேதிய எனுக்கு மட்டும் அனுப்பு. அன்னிக்கிக் காத்து எப்படி அடிச்சுதுனு எனுக்குத் தெரியும். சேதி சரியா தப்பானு நான் சொல்றேன். அப்பறம் ஊருக்கு அனுப்பு."

எங்கள் கூட்டத்தில் இதற்கு ஏகப்பட்ட மெயில். ஒரு வரி எழுதத் தெரியாதவர் வேண்டாம் என்றால் எழுதியவர் நிறுத்திவிட வேண்டுமா, இது எந்த ஊரில் உண்டு என்றார்கள். எழுதுகிறவன் பேச்சுதான் எடுபடும் என்பது அதுவரைக்கும் எங்களுக்கு வேதம் மாதிரி. ஒருவர் கோபித்துக்கொண்டு போயே போய்விட்டார். மெயின்டெய்னர் எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் எழுதினார். பிறகு முகப்பில் இருந்த விதிக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தார், கடலுக்குப் போகிறவர் ஒருவர் சரி என்ற பிறகே எந்த மாற்றமும் ஊருக்குப் போகும் என்று. எழுதியவர்கள் பட்டியலில் மச்சானின் பெயரையும் போட்டார். நான் அதைச் செல்போனில் காட்டினேன். "இதுல நம்ம பேரு எதுக்குடா" என்றார் மச்சான். ஆனால் மறுநாள் கொட்டகையில் எல்லோரிடமும் அதே பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னார்.

அதற்குப் பிறகு காலம் வேகமாக மாறிவிட்டது. நெட் வேகமானது, பையை யாரும் கேட்கவில்லை. டியூஷன் சென்டர் மாடி போய், பெரிய கம்பெனிகளின் ஏ.சி. அறைகளில் கூட்டம் நடந்தது. ஒரு காலத்தில் எங்களைப் பார்த்துச் சிரித்த கம்பெனிகள் இப்போது இதற்கென்றே ஆள் வைத்திருக்கின்றன. பனியன் தருகிறார்கள், பிட்சா தருகிறார்கள். "பிட்சாவுக்கு அறுபது பேர் வரா, தப்பு சொல்ல ஆறு பேர் வரலை" என்று அவர் என் காதில் சொன்னார். புதிதாக வருகிறவர்களைத் திட்டக்கூடாது என்று இப்போது எழுதியே வைத்திருக்கிறார்கள். அவர் ஒன்றும் மகானாகிவிடவில்லை. சாட்டில் ஒரு புதுப் பிள்ளை ஏதாவது தப்பாகக் கேட்டால், அவர் டைப் செய்துகொண்டிருக்கிறார் என்று பத்து நிமிஷம் காட்டும். நாங்கள் எல்லோரும் பயந்துகொண்டு பார்த்திருப்போம். கடைசியில் 'இப்படிப் பண்ணிப் பாருங்கோ' என்று மூன்று வார்த்தை வரும். அழித்த வார்த்தைகள் எத்தனை என்று அவருக்குத்தான் தெரியும்.

ஒன்று மட்டும் மாறவில்லை. மச்சான் சேதியைச் சரிபார்ப்பார், சரி தப்பு சொல்வார், ஆனால் அதை நம்பிப் போகமாட்டார். கரையில் நின்று வானத்தையும் தண்ணீரையும் பார்த்துவிட்டுத் தன் முடிவுக்குத்தான் போவார். சேதி அவருக்கு ஊருக்குச் செய்கிற வேலை. மெயின்டெய்னர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வி கேட்பார். "உங்க மச்சான் இப்போ சேதியைப் பாத்துட்டுப் போறாரா?" இல்லை சார் என்பேன். தலையை ஆட்டிக்கொள்வார். வேறு பேச்சுக்குப் போய்விடுவார். இப்படியே வருஷங்கள் போயின.

அவருக்கு இதயத்தில் கோளாறு வந்து வீட்டோடு இருந்த சமயம், ஒரு திருத்தம் செய்தார். ஒரே வரி. மழைக்காலத்தில் சேதி சில நாள் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்க்கொண்டிருந்தது, அதற்கு. மச்சானோ கடலூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார், வர மூன்று நாள் ஆகும். குப்பத்தில் சேதி இன்னும் வரவில்லையே என்று என்னை நச்சரித்தார்கள். நான் அவருக்குப் போன் செய்தேன்.

"சார், நீங்களே சேத்துடுங்க சார். ஒரு வரிதானே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் கோபப்படவில்லை.

"ஒரு வரிதான். அதான் காத்துண்டிருக்கேன்" என்றார்.

மூன்று நாள் காத்திருந்தார். சாவி அவர் விரல் நுனியில் இருந்தது. மச்சான் ஊரிலிருந்து வந்து, நான் விஷயத்தைச் சொன்னதும், "மூணு நாளாவா? எனுக்காகவா?" என்று இரண்டு தடவை கேட்டார். அன்றே நான் அதைத் தனியாக ஓட்ட, மறுநாள் காற்றோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சரி சொன்னார். அதற்கடுத்த நாள் சாயங்காலம் சேதி குறித்த நேரத்தில் எல்லா போனுக்கும் போனது. விடியும்வரை காற்றில்லை, எட்டு மணிக்கு மேல் எழும் என்று இருந்தது. சற்று நேரத்தில் மச்சான் எனக்குப் போன் செய்தார்.

"மாப்ள, சாருக்குச் சொல்லு. வெளிய போய்ப் பாக்கல. சேதியப் பாத்துட்டுத்தான் வலை எடுத்து வெக்கிறேன்."

உடனே அபிராமபுரத்துக்கு நேரிலேயே போனேன், போனில் சொல்ல மனசு வரவில்லை. அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மச்சான் சொன்னதை அப்படியே சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார், மறுபடி மாட்டினார், மறுபடி துடைத்தார். பாராட்டாக ஏதாவது சொல்வார், சந்தோஷப்படுவார் என்று நான் நின்றேன்.

"பாத்துட்டுப் போகட்டும். இருந்தாலும் காத்து மாறினாப்ல தெரிஞ்சா திரும்பி வந்துடச் சொல்லுங்கோ" என்றார். "சேதி தப்பாவும் இருக்கலாம்."